ஆக்ஸின் என்னும் சாரப் புரதம்

உயிரணுவில் நிகழும் வேதிவினைகளை நடத்துபவை நொதிகள் என்பது பள்ளிப் பாடங்களிலேயே கூறப்படுவது. நொதி தன்னிடம் வந்து சேரும் பொருளை வெட்டும். இரண்டை ஒன்றாக இணைக்கும். அல்லது அதன்மீது ஒரு புதிய அணுக்கூட்டத்தைப் பதிக்கும். இவற்றுள் எதையும் செய்யாத புரதங்களும் உயிரணுவில் உள. பிற புரதங்களைத் தம்மீது அருகருகே அமர்த்தி வைப்பதே அவற்றின் தொழில். கொத்தனார் நின்று வேலை செய்யக் கட்டப்படும் சாரத்தைப் போன்றவை என்ற கருத்தில் ஆங்கில நூல்கள் இவற்றிற்குப் பெயரிட்டுள்ளன. நாமும் சாரப் புரதங்கள் என்றே வழங்குவோம். சாறு, சத்து என்னும் பொருளை இங்குக் கொள்ளலாகாது.

தானாக ஒரு வினையும் ஆற்றாத புரதம் பழுதுபட்டால் பெரிய கேடு ஒன்றும் விளையாது என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. இத்தகைய புரதம் ஒன்றில் நேர்ந்த குறையால் ஒரு குடும்பத்தில் பலருக்கு நிலைப்பற்கள் முளையாமற் போனதும், அவர்களுள் பலருக்குப் பெருங்குடலில் புற்றோ அதன் முன்னறிகுறியோ தோன்றியதும் அறியப்பட்டுள்ளன. பள்ளியிலும் கிராமத்திலும் குழந்தைகளின் பற்களைப் பார்க்கும் வாய்ப்புடைய ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இத்தொடர்பை அறிந்திருத்தல் நலம். ஆனால் பல்லும் குடலும் எவ்வாறு ஒரே புரதத்தோடு பிணைக்கப்பட்டன என்பது விளங்க, அப்புரதம் உயிரணுவில் என்ன செய்கிறது என்பதை முதலில் காணவேண்டும்.

அதன் பெயர் ஆக்ஸின். தாவரங்களின் தண்டு நீள்வதற்குக் காரணமான வளர்ச்சி ஊக்கியின் பெயரும் தமிழில் இதே ஒலியுடன் எழுதப்படுவதுண்டு. இரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நாம் கூறப்போவது விலங்குகளிலும் மனிதரிலும் உள்ள புரதமாகும். மனித ஆக்ஸின் 862 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீண்ட சங்கிலி.

கோணல் வால் எலியும் இரட்டைத் தலைத் தவளையும்

1937ஆம் ஆண்டில் எஸ். சி. ரீட் என்பவர் வீட்டெலிகளில் பரம்பரையாக வரும் ஒரு குறையை விவரித்தார். அவ்வெலிகளின் வால் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, வால் குட்டையாகவும் கோணலாகவும் இருந்தது. இதே ஜீனில் நேர்ந்த மற்றொரு திடீர் மாற்றத்தைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்ற கருக்கள் பிறப்பதற்கு முன்பே மடிந்தன. அவற்றுட் சிலவற்றில் உடலின் அச்சே இரட்டிப்பாகத் தோன்றியது. ஒரே ஜீன் வாலையும் முதுகெலும்பையும் உடலமைப்பையும் குலைப்பது ஏன் என்பது அறுபது ஆண்டுகள் புதிராகவே இருந்து வந்தது.

1997இல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அந்த ஜீனைத் தனித்துப் பிரித்தனர். அதன் செய்தியைக் கொண்ட ஆர்.என்.ஏ.யை ஆப்பிரிக்க நகத்தவளையின் இளங்கருவில், முதுகாக வளரவேண்டிய பக்கத்தில் செலுத்தியபோது, உடலின் அச்சு உருவாகாமல் நின்றுவிட்டது. ஒரு பகுதி நீக்கப்பட்ட குறைப் புரதத்தைச் செலுத்தியபோதோ இரண்டாவது அச்சு ஒன்று கிளைத்தது. அச்சு தோன்றுவதைத் தடுப்பது என்னும் பொருள்பட ஆங்கிலச் சொற்கள் இரண்டைச் சுருக்கி ஆக்ஸின் என்று பெயரிட்டனர்.

தவளைக் கருவில் இரண்டாம் அச்சு தோன்றுவது புதிய காட்சியன்று. வின்ட் என்னும் செய்திப் புரதத்தின் ஆர்.என்.ஏ.யைச் செலுத்தினால் இவ்விதமே நேரிடும் என்பது 1989இலேயே காட்டப்பட்டிருந்தது. ஆகவே வின்ட் முடுக்குகின்ற ஏதோ ஒன்றை ஆக்ஸின் அடக்குகிறது என்பது தெளிவாயிற்று.

வின்ட் என்னும் பெயரின் ஒரு பாதிக்கு மூலம் நம் நாட்டில் உள்ளது. பாட நூல்களில் இது அரிதாகவே குறிக்கப்படுகிறது. புது தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். பி. சர்மா என்பவர் 1973இல் சிறகில்லாமற் பிறக்கும் பழ ஈ ஒன்றை விவரித்தார். அவரும் வி. எல். சோப்ராவும் 1976இல் அதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். சிறகற்றது என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லே அந்த ஜீனுக்குப் பெயராயிற்று. இதனோடு தொடர்பின்றி, 1982இல் அமெரிக்காவில் நுஸ்ஸே, வார்மஸ் ஆகிய இருவர் எலியின் பால்சுரப்பிப் புற்றை ஆராயுங்கால் இன்ட்-1 என்னும் ஜீனைக் கண்டனர். ஈயின் சிறகை உண்டாக்கும் ஜீனும் எலியின் புற்றோடு தொடர்புடைய ஜீனும் ஒரே இனத்தவை என்பது 1987இல் புலனாயிற்று. இரு பெயர்களையும் சேர்த்துச் சுருக்கியதே வின்ட். ஓர் உயிரணு வெளியிடும் வின்ட் புரதம் அருகிலுள்ள உயிரணுவை அடைந்து, 'பெருகு' அல்லது 'இன்ன உறுப்பாக மாறு' என்னும் செய்தியை அளிக்கிறது.

நான்கு முத்திரைகள்

அச்செய்தியை உயிரணுவின் உட்கருவுக்கு எடுத்துச் செல்லும் தூதன் பீட்டா-கேட்டனின் என்னும் புரதம். இதற்கு இரண்டு வேலைகள் உண்டு. உயிரணுவின் விளிம்பில் இருக்கும்போது அண்டை உயிரணுவோடு பற்றிக்கொள்ள உதவுகிறது. உட்கருவினுள் நுழைந்துவிட்டாலோ, பெருக்கத்திற்கு வேண்டிய ஜீன்களை இயக்கிவிடுகிறது. உயிரணு பீட்டா-கேட்டனினை ஓயாது தயாரித்துக்கொண்டே இருக்கிறது. வின்ட் செய்தி இல்லாத வேளைகளில் அதனை ஓயாது அழித்துக்கொண்டும் இருக்கிறது. இதனை வீண் செலவு எனக் கருதலாகாது. செய்தி வந்ததும் அழிப்பதை நிறுத்தினாற் போதும். தூதன் உடனே குவிந்துவிடுவான்.

அழிப்பு வேலை நடைபெறும் முறை கவனிக்கத் தக்கது. பீட்டா-கேட்டனின் 781 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. அதில் 45ஆம் இடத்திலுள்ள செரின் என்னும் அமிலத்தின்மீது கேசீன் கினேஸ்-1 என்னும் நொதி ஒரு பாஸ்பேட்டைப் பதிக்கிறது. அதன் பிறகு ஜி.எஸ்.கே.-3 என்னும் வேறொரு நொதி 41, 37, 33 ஆகிய இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக மேலும் மூன்று பாஸ்பேட்டுகளைப் பதிக்கிறது. ஒவ்வோர் இடத்திற்கும் அடுத்ததற்கும் இடையே நான்கு எண் வேறுபாடு இருப்பதைக் காண்க. நான்கு இடம் தள்ளி முன்னரே ஒரு பாஸ்பேட் இருந்தால் அதனைப் பிடிமானமாகக் கொண்டு அடுத்ததைப் பதிப்பது ஜி.எஸ்.கே.-3இன் இயல்பு. 33, 37 ஆகிய இடங்களில் பாஸ்பேட் ஏறிய பீட்டா-கேட்டனினை மற்றொரு புரதக் கூட்டம் அடையாளங் கண்டு, யூபிக்விட்டின் என்னும் சிறு புரதங்களை அதன்மேல் தொடுத்துவிடுகிறது. யூபிக்விட்டின் ஏறிய புரதம் உயிரணுவின் அரைவை எந்திரமாகிய புரோட்டியசோமுக்குள் சென்று துண்டுகளாகிவிடும். முதற் பாஸ்பேட் எது, அடுத்தவை எவை என்னும் இவ்வரிசை 2002இல் உறுதியாயிற்று.

இனி ஆக்ஸின் இருக்கும் இடத்தைப் பார்ப்போம். ஓர் அலுவலகத்தில் கோப்பு ஒன்றில் முதல் முத்திரையை ஓர் எழுத்தரும், அடுத்த மூன்றையும் வேறோர் எழுத்தரும் இடவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் முத்திரை இல்லாத கோப்பை இரண்டாமவர் தொடமாட்டார். இருவரும் கட்டடத்தின் வெவ்வேறு மூலைகளில் இருந்தால் கோப்பு எப்போது நகரும் என்பதை அலுவலகம் சென்றவர் எவரும் அறிவர். இருவரையும் ஒரே மேசையில் அருகருகே அமர்த்திக் கோப்பையும் அதே மேசைமீது வைத்துவிட்டால் காரியம் நொடியில் முடியும். அம்மேசையிடம் மையும் இல்லை, முத்திரையும் இல்லை. ஆக்ஸின் அத்தகைய மேசையே. அதன் சங்கிலியில் ஓரிடத்தில் ஜி.எஸ்.கே.-3 அமர்கிறது; அதற்கடுத்த இடத்தில் பீட்டா-கேட்டனின்; பிறிதோரிடத்தில் கேசீன் கினேஸ்-1. தொடக்கப் பகுதியில் ஏ.பி.சி. என்னும் மிகப் பெரிய புரதம் வந்து பற்றிக்கொள்கிறது. இது 2843 அமினோ அமிலங்கள் கொண்டது. கடைசிப் பகுதியால் ஆக்ஸின்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன.

விரைவு மட்டுமே பயன் என்று நினைத்துவிடக் கூடாது. ஜி.எஸ்.கே.-3 பல வீடுகளுக்கு வேலை செய்யும் ஆளைப் போன்றது. அது முதன்முதலில் அறியப்பட்டதே கிளைகோஜன் தயாரிப்பைக் கட்டுப்படுத்தும் நொதியாகத்தான். அதனை அடக்குவது இன்சுலின். உணவு உண்டபின் இன்சுலின் பெருகி ஜி.எஸ்.கே.-3ஐ அடக்கும்போது பீட்டா-கேட்டனினும் அழியாமற் குவியுமானால், ஒவ்வொரு வேளை உணவும் உயிரணுக்களுக்குப் பெருகுமாறு இட்ட கட்டளையாக முடிந்துவிடும்! அவ்வாறு நேர்வதில்லை. உயிரணுவிலுள்ள ஜி.எஸ்.கே.-3இல் ஒரு சிறு பங்கே ஆக்ஸினோடு சேர்ந்திருக்கிறது. அப்பங்கை இன்சுலினின் கட்டளை தொடுவதில்லை. தூய்மையாக்கிய புரதங்களைச் சோதனைக்குழாயிற் கலந்து 2020இல் நடத்திய ஆராய்ச்சியும் இதற்கு ஒத்த ஒன்றைக் காட்டிற்று: நொதியைத் தம்பால் ஈர்க்கப் போட்டியிடும் பிற புரதங்களை விலக்கி வைப்பதும் ஆக்ஸினின் வேலைகளுள் ஒன்று. எம் கருத்தில், சாரப் புரதங்களின் உண்மையான மதிப்பு இதுவே. ஒரே நொதியைப் பல செய்திகள் பொதுவாகப் பயன்படுத்தும்போதும், ஒரு செய்தி மற்றொன்றோடு குழம்பாமல் காப்பவை அவை.

செய்தி வரும்போது

வின்ட் புரதம் உயிரணுவின் வெளிச்சுவரை அடைந்ததும், அங்குள்ள பிரிஸில்டு, எல்.ஆர்.பி.-6 என்னும் இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. ஏற்பியின் உட்பக்க வாலில் பாஸ்பேட்டுகள் ஏறுகின்றன. ஆக்ஸின் அவ்விடத்திற்கு இழுக்கப்பட்டு அதனோடு ஒட்டிக்கொள்கிறது. மேசையைத் தூக்கி வாசலில் வைத்தாற்போல அழிப்பு வேலை தடைப்படுகிறது. பீட்டா-கேட்டனின் குவிந்து உட்கருவுக்குட் செல்கிறது. ஏற்பியை அடைந்த கூட்டம் கலைந்துவிடுகிறதா, அன்றிக் கலையாமலே செயலற்று நிற்கிறதா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு.

உட்கருவில் பீட்டா-கேட்டனின் இயக்கிவிடும் ஜீன்களுள் ஒன்று ஆக்ஸின்-2 என்பதாகும். மனிதரில் ஆக்ஸின் இரண்டு வகை. இதுகாறும் கூறியது முதல் வகை. இரண்டாவது அதனை ஒத்தது. ஆனால் எப்போதும் எங்கும் இருப்பதன்று. வின்ட் செய்தி வந்த இடங்களில் மட்டும் தோன்றி, பீட்டா-கேட்டனினை மீண்டும் அழிக்கத் தொடங்குகிறது. தூதன் தன்னை அடக்குபவனைத் தானே வரவழைக்கிறான். செய்தி அளவு கடந்து நீடிக்காமல் இருப்பதற்கு இது ஒரு காவல்.

எத்தனை மேசைகள் வேண்டும்?

சாரப் புரதங்களில் ஒரு வியப்பு உண்டு. அது வகுப்பறையில் எளிதாகச் செய்து காட்டத் தக்கது. எட்டு மாணவரை எடுத்துக்கொள்க. நால்வருக்குச் சிவப்புச் சீட்டும் நால்வருக்கு நீலச் சீட்டும் அளிக்க. ஒரு பெஞ்சில் ஒரு சிவப்பும் ஒரு நீலமும் மட்டுமே அமரலாம் என்பது விதி. யார் எங்கு அமர்வது என்பதைக் குலுக்கலால் முடிவு செய்க. நான்கு பெஞ்சுகள் இருந்தால் எல்லாரும் இணையாக அமர்வர். ஒரே பெஞ்சு இருந்தால் ஓர் இணைதான் கிட்டும். பெஞ்சுகள் இருபது இருந்தாலோ, சிவப்பு ஒரு மூலையிலும் நீலம் வேறு மூலையிலுமாகச் சிதறி, இணைகள் பெரும்பாலும் அமையமாட்டா. சாரம் குறைந்தாலும் வேலை கெடும், மிகுந்தாலும் கெடும். கே.எஸ்.ஆர். என்னும் மற்றொரு சாரப் புரதத்தை உயிரணுவிற் படிப்படியாகக் கூட்டியபோது, செய்தி முதலில் வலுத்துப் பின்னர் நலிந்தது கண்கூடாகக் காணப்பட்டது.

தவளை முட்டைச் சாற்றில் 2003இல் அளந்தபோது ஆக்ஸினின் செறிவு மற்றக் கூட்டாளிப் புரதங்களினுடையதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகக் குறைந்திருந்தது. அங்கு மேசைகளே பற்றாக்குறை. பாலூட்டிகளின் உயிரணுக்களில் 2012இல் அளந்தபோது அத்துணைப் பெரிய இடைவெளி காணப்படவில்லை. ஆகவே ஒரு விலங்கிற் கண்ட அளவை மனிதருக்கு அப்படியே ஏற்றிச் சொல்லலாகாது.

பழுது நேர்ந்தால்

பெருங்குடலின் உட்சுவர் நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. அதன் குழிகளின் அடியில் வின்ட் செய்தியால் உயிரணுக்கள் பெருகுகின்றன. மேலேறும்போது செய்தி குன்றிப் பெருக்கம் நிற்கிறது. அழிப்புக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கெட்டாலும், செய்தி வராதபோதே வந்ததுபோல உயிரணு நடந்துகொள்ளும். பெருங்குடற் புற்றுகளில் ஐந்தில் நான்கு பங்களவில் ஏ.பி.சி. ஜீன் பழுதுற்றிருப்பது இக்காரணத்தாலேயே. வேறு சில புற்றுகளில் பீட்டா-கேட்டனினிலேயே நாம் மேலே எண்ணிய 33, 37, 41, 45 ஆகிய இடங்களில் ஒன்று மாறியிருக்கிறது. முத்திரை இடுவதற்கு இடமே இல்லை! கல்லீரற் புற்றுகள் சிலவற்றில் முதல் வகை ஆக்ஸினே கெட்டிருப்பதை 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். நல்ல ஆக்ஸின் ஜீனை வைரஸ் வழியாகப் புற்றணுக்களில் செலுத்தியபோது அவை மடிந்தன.

பல்லைப் பற்றிய செய்தி 2004இல் பின்லாந்திலிருந்து வந்தது. ஒரு குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் 11 பேருக்குக் குறைந்தது எட்டு நிலைப்பற்கள் முளைக்கவே இல்லை. அவர்களுள் இருவருக்கு மூன்றே நிலைப்பற்கள். பற்குறையுடையோருள் எட்டுப் பேருக்குப் பெருங்குடலிற் புற்றோ, புற்றாக மாறக்கூடிய முளைகளோ காணப்பட்டன. ஆராய்ந்தபோது ஆக்ஸின்-2 ஜீனில் ஓர் எழுத்து மாறி, 656ஆம் அமினோ அமிலம் வரவேண்டிய இடத்தில் புரதம் அரைகுறையாக முடிந்துவிடுவது தெரிந்தது. தாடையில் பல்லின் முளை உருவாவதும் வின்ட் செய்தியாலேயே. அச்செய்தி உரிய வேளையில் எழுவது போலவே உரிய வேளையில் அடங்கவும் வேண்டும். அடக்குவதற்குரிய காவல் குறைந்த குடும்பத்தில் சிறு வயதிற் பல்லும், பிற்காலத்திற் குடலும் கேடுற்றன. பின்னர் வேறு சில குடும்பங்களிலும் ஆக்ஸின்-2 மாற்றங்கள் அறியப்பட்டன. எல்லாரிடமும் கேடு ஒரே அளவினதாக இல்லை.

இதனைப் படித்துவிட்டுப் பற்குறையுள்ள குழந்தையைக் கண்டதும் புற்றுநோயை நினைத்து அஞ்சுவதோ, பெற்றோரை அச்சுறுத்துவதோ பெருந்தவறாகும். ஓரிரு பற்கள் பிறவியிலேயே இல்லாதிருப்பது மக்களிடையே பொதுவாகக் காணப்படுவது. ஞானப்பற்களை நீக்கி ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட நிலைப்பற்கள் இல்லாதிருப்பதே அரிது. அத்தகையோரிலும் பெரும்பாலோர்க்குக் காரணம் வேறு ஜீன்களே; வின்ட் இனத்தைச் சேர்ந்த வின்ட்-10ஏ என்பது அவற்றுள் முக்கியமானது. பதின்மூன்று வயதளவில் ஞானப்பற்கள் நீங்கலாக 28 நிலைப்பற்கள் வாயில் இருக்கவேண்டும். அவ்வயதிற்குப் பின்னும் பாற்பற்கள் பல விழாமலும், இடைவெளிகள் பல நிரம்பாமலும் இருப்பின், பல் தாடைக்குள் புதைந்து கிடக்கிறதா, அன்றி உருவாகவே இல்லையா என்பதை எக்ஸ்-ரே படம் ஒன்றே சொல்லும். ஆதலின் முதற்கண் பல் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். அப்போது இரண்டு கேள்விகளைக் கேட்டு எழுதி அனுப்பினால் மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும்: தாய், தந்தை, தாத்தா, பாட்டி ஆகியோருள் எவருக்கேனும் இவ்வாறு பல பற்கள் முளைக்காமலே இருந்தனவா? அந்தக் கிளையில் எவருக்கேனும் பெருங்குடற் புற்றோ குடல் முளைகளோ இருந்தனவா? இரண்டிற்கும் ஆம் என்பது விடையானால் ஜீன் பரிசோதனையும், வயது வந்தோருக்குக் குடல் உட்காணலும் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வர். குடல் முளைகளைப் புற்றாக மாறுவதற்கு முன்பே அகற்றிவிட முடியுமாதலால், இக்கேள்விகளுக்கு உண்மையான பயன் உண்டு. இழுத்துப் பிடுங்கிய பல்லையும் பூச்சி அரித்துப் போன பல்லையும் பிறவிக் குறையோடு சேர்த்து எண்ணிவிடாமல் இருப்பதில் மட்டும் கவனம் வேண்டும். முதியோரைக் கேட்கும்போது இப்பிழை எளிதில் நேரும்.

மருந்தைப் பற்றி

ஆக்ஸினை உயிரணு தானே அழித்துக்கொள்வதும் உண்டு. டாங்கிரேஸ் என்னும் நொதி அதன்மீது ஓர் அடையாளத்தைப் பதித்து, அரைவை எந்திரத்திற்கு அனுப்பிவிடுகிறது. அந்நொதியைத் தடுத்தால் ஆக்ஸின் நிலைத்து நிற்கும், பீட்டா-கேட்டனின் குறையும். இவ்வாறு செய்யும் எக்ஸ்.ஏ.வி.-939 என்னும் வேதிப்பொருள் 2009இல் வெளியிடப்பட்டபோது, ஏ.பி.சி. கெட்ட புற்றணுக்களிலும் இருக்கின்ற மேசைகளைக் கூட்டி வேலையை ஓரளவு நடத்திவிடலாம் என்னும் நம்பிக்கை எழுந்தது. அதன் பின் இவ்வகைப் பொருள்கள் பல செய்யப்பட்டன. எலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைந்தது உண்மையே. ஆனால் மருந்தின் அளவைக் கூட்டியபோது எலிகளின் குடற்சுவரும் சேதமுற்றது. நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவேண்டிய அச்சுவருக்கும் வின்ட் செய்தி தேவையாயிற்றே. புற்றை மட்டும் தொட்டு நல்ல குடலை விட்டுவிடும் அளவையும் முறையையும் காண்பதிலேயே இன்று ஆராய்ச்சிகள் ஈடுபட்டுள்ளன.